இரண்டு லேண்ட்சாட் படங்களை ஒட்டினால் நடுவில் கறுப்புக் கோடு: நோடேட்டா 0 கொடுத்தும் போகவில்லை

கண்மாய்க்கரை

வணக்கம். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எவ்வளவு நீர் நின்றது என்று வரைகிற வேலை. எடுத்திருப்பது லேண்ட்சாட் 8 (அமெரிக்கச் செயற்கைக்கோள்), கலெக்‌ஷன் 2, லெவல் 2 படங்கள். பாத் (செயற்கைக்கோள் பாதை எண்) 143 ரோ (அதில் வரிசை எண்) 53 ஒன்று, பாத் 142 ரோ 53 ஒன்று. மதுரைக்குக் கிழக்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் மெர்ஜ் (படங்களை ஒட்டும் கருவி) போட்டபோது 143-இன் ஓரத்துக் கறுப்பு முக்கோணம் 142-இன் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. லேயர் பண்புகளில் டிரான்ஸ்பரன்சி பக்கத்தில் 0 என்று கொடுத்தேன். திரையில் கறுப்பு மறைந்தது, மறுபடி மெர்ஜ் போட்டால் திரும்ப வந்துவிட்டது. பிறகு மெர்ஜ் கருவியிலேயே 0-ஐ நோடேட்டாவாக (தகவல் இல்லாத இடம் என்ற குறியாக) கொடுத்ததும் முக்கோணம் போய்விட்டது. ஆனால் அது இருந்த ஓரம் நெடுக, ஓரிரு பிக்சல் அகலத்தில் ஒரு கருங்கோடு மிச்சம். அந்தப் பிக்சல்களைச் சொடுக்கிப் பார்த்தால் 0 இல்லை. 2100, 4800, 5300 என்று ஏதேதோ எண்கள்.

வெறும் அழகுப் பிரச்சினை என்றால் விட்டிருப்பேன். எம்என்டிடபிள்யூஐ (பச்சை பேண்டிலிருந்து ஸ்விர் எனும் குற்றலை அகச்சிவப்பு பேண்டைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீர்க்குறியீடு) போட்டுத் தண்ணீரைப் பிரித்தால் அந்தக் கோட்டில் பாதி தண்ணீராக வருகிறது. கண்மாயே இல்லாத இடத்தில் வடக்கு தெற்காக நேர்க்கோட்டில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

ஒருவரிக்கட்டளை

நியர்பிளாக். ஜிடால் என்ற படச்செயலாக்க நிரல்தொகுப்போடு கூடவே வரும் கருவி. சுத்தமான கறுப்பை மட்டும் இல்லாமல் கறுப்புக்குப் பக்கத்து நிறங்களையும் ஓரத்திலிருந்து உள்ளே தின்றுகொண்டே போகும். முடிந்தது கதை.

உச்சிப்பருந்து

கொஞ்சம் பொறுங்கள். நியர்பிளாக் எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். ஜேபெக் போன்ற இழப்புச் சுருக்கத்தில் சேமித்த 8 பிட் படங்களில் ஓரக் கறுப்பு 0 ஆக இல்லாமல் 1, 3, 7 என்று சிதறிக் கிடக்கும். அதைத் துடைக்க வந்த கருவி அது. கறுப்பிலிருந்து 15 வரை விலகலாம் என்பது அதன் இயல்பு அளவு. உள்ளே கணக்கெல்லாம் 8 பிட்டில்தான் நடக்கிறது. இவர் கையில் இருப்பது 16 பிட் படம், கோட்டில் இருப்பது 2100, 4800. அந்தக் கருவிக்கு இங்கே வேலை இல்லை.

கண்மாய்க்கரை, மூன்று கேள்விகள்.

ஒன்று, இரண்டு படங்களின் யூடிஎம் மண்டலம் (பூமியை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் ஆய முறை) என்ன? உங்கள் 143/53 மண்டலம் 43-இலும் 142/53 மண்டலம் 44-இலும் இருக்கிறதா? அப்படியானால் மெர்ஜுக்கு முன்னால் ஒன்றை மற்றதற்கு மாற்றியிருப்பீர்கள். இரண்டு, மாற்றும்போது ரீசாம்பிளிங் (புதுக் கட்டத்துக்குப் பிக்சல் எண்களைக் கணக்கிடும் முறை) என்ன கொடுத்தீர்கள்? மூன்று, அந்தப் படியில் நோடேட்டா பெட்டியில் ஏதாவது எழுதினீர்களா?

கண்மாய்க்கரை

ஆமாம், 143-ஐ வார்ப் கருவியில் மண்டலம் 44-க்கு மாற்றினேன். பைலீனியர். நோடேட்டா பெட்டி காலி. கோப்பிலேயே அந்தக் குறி இருக்கும், ஜிடால் தானாக எடுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன்.

உச்சிப்பருந்து

கோப்பில் குறி இருந்தால் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வார்ப் செய்தது இறக்கிய அசல் கோப்பையா, பேண்டுகளை (ஒவ்வொரு அலைநீளப் பட்டைக்கும் ஒரு படம்) அடுக்கிய கோப்பையா? இரண்டையும் ஜிடால்இன்ஃபோவில் (கோப்பின் விவரங்களைக் காட்டும் கட்டளை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்மாய்க்கரை

அடுக்கிய கோப்பு. பைதானில் நம்பை நூலகத்தால் படித்து ஆறு பேண்டுகளையும் ஒரே டிஃப்பாக எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்று குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதில் போட்டது. அந்தக் கோப்பில் நோடேட்டா வரியே இல்லை.

உச்சிப்பருந்து

அங்கேதான் தொலைந்திருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

லேண்ட்சாட் பூமத்தியரேகைக்கு 98.2 பாகை சாய்வில் சுற்றுகிறது. அது எடுக்கும் காட்சி தரையில் சாய்ந்து கிடக்கும். கோப்போ வடக்கு மேலே இருக்கும் நேர்ச் சதுரம். சாய்ந்த காட்சியைச் சதுரத்துக்குள் வைத்தால் நான்கு மூலையிலும் இடம் மிச்சம். அதை 0 போட்டு நிரப்புகிறார்கள். அந்த 0 நிறமில்லை, அளவும் இல்லை, இங்கே தகவல் இல்லை என்பதற்கான குறி. அதை எங்கேயாவது எழுதி வைத்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். எழுதாவிட்டால் மற்ற எண்களைப் போல அதுவும் ஓர் எண்.

பைலீனியர் பக்கத்துப் பிக்சல்களை எடைபோட்டுக் கலக்கும். ஓரத்தில் ஒரு பக்கம் 10000, மறுபக்கம் 0 என்றால் நடுவில் 5000 வரும். உங்கள் 4800-உம் 5300-உம் இப்படிப் பிறந்தவை. அதற்குப் பிறகு மெர்ஜில் 0-ஐ நோடேட்டா என்று சொன்னாலும் 5000 எப்படி 0 ஆகும்? நிரம்பிய இடம் என்று நினைத்து அதை மேலே ஒட்டிவிட்டது.

அந்தக் கோடு ஏன் தண்ணீராக வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கலெக்‌ஷன் 2 லெவல் 2-இல் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் பிரதிபலிப்பு. வறண்ட நிலம் ஒன்றில் பச்சை 10000, ஸ்விர் 15000 என்று வையுங்கள். பிரதிபலிப்பு 0.075, 0.2125. குறியீடு மைனஸ் 0.48, சந்தேகமில்லாத தரை. அதே பிக்சல் 0-உடன் பாதிக்குப் பாதி கலந்தால் 5000, 7500. பிரதிபலிப்பு மைனஸ் 0.0625, பிளஸ் 0.00625. மேலே கழித்தால் எதிர்மறை, கீழே கூட்டினாலும் எதிர்மறை. வகுத்தால் பிளஸ் 1.22. எம்என்டிடபிள்யூஐ 1-ஐத் தாண்டினால் எங்கேயோ எதிர்மறைப் பிரதிபலிப்பு புகுந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வாய்க்காலில் சொடுக்கிப் பாருங்கள், 1-க்கு மேல் நிறைய இருக்கும்.

கண்மாய்க்கரை

இருக்கிறது. 1.1, 1.4, ஓரிடத்தில் 6 கூட.

பழைய_ராஸ்டர்

நல்ல விளக்கம். இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்தத் தரவில் பிரதிபலிப்பு சுழியம் என்பதே எண்ணில் ஏறத்தாழ 7273. ஆழமான தெளிந்த நீர்கூட அதற்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். ஓரத்தில் அதற்கு வெகு கீழே, 1-இலிருந்து 6500 வரைக்கும் எதைப் பார்த்தாலும் அது கலப்படம். சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. மொசைக் (ஒட்டிய படம்) முடிந்ததும் ஹிஸ்டோகிராமைத் திறந்து அந்த இடைவெளியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவரிக்கட்டளை

சரி, நியர்பிளாக்கை வாபஸ் வாங்குகிறேன். ஜிடால்வார்ப்புக்கு ஒரே கட்டளையில் இரண்டு கோப்பையும் கொடுக்கலாமே? ப்ராஜெக்‌ஷன் வேறாக இருந்தாலும் ஏற்கும். எஸ்ஆர்சி-நோடேட்டா 0 (உள்ளே வரும் படத்துக்கு), டிஎஸ்டி-நோடேட்டா 0 (வெளியே போகும் கோப்புக்கு), டி-எஸ்ஆர்எஸ் (இலக்கு ஆய முறை) மண்டலம் 44, டிஆர் (பிக்சல் அளவு) 30 30, கூடவே டாப். கடைசியில் எழுதும் கோப்பு மேலே வரும். மெர்ஜ் என்ற படியே தேவையில்லை.

உச்சிப்பருந்து

இது நல்ல யோசனை. டாப் மட்டும் வேண்டாம். டாப் கொடுத்தால் கட்டத்தின் விளிம்பு 30-இன் மடங்கில் போய் நிற்கும். லேண்ட்சாட்டில் 30-இன் மடங்கில் நிற்பது பிக்சலின் நடுப்புள்ளி, விளிம்பு 15 மீட்டர் தள்ளி இருக்கும். ஜிடால்இன்ஃபோவில் ஆரிஜின் 285, 315 என்கிற மாதிரி முடிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக டாப் போட்டால் ஏற்கெனவே 44-இல் இருக்கும் 142-உம் அரைப் பிக்சல் நகர்ந்து, காரணமே இல்லாமல் இன்னொரு முறை கலக்கப்படும். அதற்குப் பதிலாக டிஇ-யில் எல்லையை நீங்களே 142-இன் கட்டத்தோடு ஒத்துவரும்படி கொடுங்கள். 142 தொடப்படாது, 143 மட்டும் மாறும்.

மெர்ஜ் கருவியையே பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நோடேட்டா பெட்டிகள் இரண்டு. ஒன்று, உள்ளே வரும் படத்தில் இந்த எண்ணை ஒட்டாமல் விடு என்பது. மற்றது, வெளியே போகும் கோப்பில் இந்த எண்ணுக்கு நோடேட்டா என்று சீட்டு ஒட்டு என்பது. இரண்டாவதை மட்டும் நிரப்பிவிட்டு முக்கோணம் போகவில்லை என்று கேட்கிறவர்கள் அதிகம். சீட்டு ஒட்டினால் அடியில் இருந்த 142 திரும்ப வந்துவிடாது. டிரான்ஸ்பரன்சியும் அப்படித்தான், அது கண்ணாடியில் திரை போடுவது, கோப்பில் ஒரு பைட்கூட மாறாது.

பழைய_ராஸ்டர்

> எஸ்ஆர்சி-நோடேட்டா 0

இந்தத் தரவில் இது போதும். ஆனால் இந்த இழையைப் பார்த்துவிட்டு எல்லாப் படத்துக்கும் 0 போட ஆரம்பித்துவிடாதீர்கள். நாங்கள் ஐஆர்எஸ் லிஸ்-3 (இந்தியச் செயற்கைக்கோள்) படங்களில் வேலை செய்த காலத்தில் எல்லாம் 8 பிட். வளிமண்டலத் திருத்தம் என்று இருப்பதிலேயே இருட்டான பிக்சலின் எண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழிப்பார்கள். கழித்த பிறகு அகச்சிவப்பு பேண்டில் அணை, ஏரி, மலை நிழல் எல்லாம் 0-இல் வந்து நிற்கும். உண்மையான, அளந்து கிடைத்த 0. அதன்மேல் 0-ஐத் தவிர் என்று சொல்லி மொசைக் போட்டால் வைகை அணை நடுவில் ஓட்டை. ஓட்டையாக இருந்தாலாவது கண்ணில் படும். ஓவர்லாப்புக்குள் (இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பட்டைக்குள்) வரும் ஏரியில் அந்த ஓட்டையை அடியில் இருக்கும் இன்னொரு தேதிப் படம் சத்தமில்லாமல் அடைத்துவிடும். ஒரே ஏரியில் பாதி ஒரு தேதி, பாதி இன்னொரு தேதி.

அதனால் நான் எண்ணை நம்புவதில்லை, இடத்தை நம்புகிறேன். படம் எதுவரை இருக்கிறது என்று ஒரு பாலிகன் வரைந்து, அதைக் கட்லைனாகக் கொடுத்து, உள்ளே இருப்பதெல்லாம் தகவல், வெளியே இருப்பதெல்லாம் வெற்று என்று வெட்டுவேன். உள்ளே 0 இருந்தால் இருக்கட்டும்.

உச்சிப்பருந்து

ஐயா சொல்வது அந்தக் காலத் தரவுக்கு முழுக்கச் சரி. ஆனால் கையால் வரையவேண்டிய அவசியம் இப்போது இல்லை. லேண்ட்சாட்டோடு கியூஏ-பிக்சல் என்று ஒவ்வொரு பிக்சலின் நிலையையும் சொல்லும் தனிக் கோப்பு வருகிறது. அதில் பிட் 0 என்பது வெற்றிடம். அந்த பிட் 1 ஆக இருக்கும் பிக்சல் காட்சிக்கு வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரி.

இரண்டு எச்சரிக்கை. கியூஏ கோப்பை ப்ராஜெக்‌ஷன் மாற்றும்போது நியரஸ்ட் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது. அதில் இருப்பது அளவு இல்லை, ஒவ்வொரு பிட்டும் ஒரு ஆம் அல்லது இல்லை. சராசரி எடுத்தால் மேகமும் இல்லாத, தண்ணீரும் இல்லாத, வெற்றிடமும் இல்லாத ஏதோ ஒரு எண் பிறக்கும். அடுத்தது, எம்டிஎல் எனும் படவிவரக் கோப்பில் நான்கு மூலை ஆயங்கள் இருக்கின்றன, அதை வைத்துப் பாலிகன் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அவை சதுரக் கோப்பின் மூலைகள், சாய்ந்த காட்சியின் மூலைகள் இல்லை. அந்தப் பாலிகன் கறுப்பு முக்கோணத்தையும் சேர்த்தே வளைக்கும்.

பழைய_ராஸ்டர்

கியூஏ கோப்பு இருக்கிறவர்களுக்குச் சரி. லிஸ்-4 (இன்னொரு இந்தியக் கேமரா) வைத்திருப்பவன் என்ன செய்வான்? சொல்கிறேன். லிஸ்-4-இல் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று மூன்று பேண்ட், 5.8 மீட்டர். மூன்று பேண்டும் தரையின் ஒரே கோட்டை ஒரே நொடியில் பார்ப்பதில்லை. பிறகுதான் பொருத்துகிறார்கள். பொருத்திய பிறகு மூன்றின் ஓரமும் ஒரே இடத்தில் முடிவதில்லை. ஒரு பேண்டில் தகவல், பக்கத்துப் பேண்டில் 0. ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சரிகைக்கரை மாதிரி தெரியுமே, அது. பழைய லேண்ட்சாட் 5 படங்களிலும் இது உண்டு, அங்கே பல்பல்லாக வேறு இருக்கும்.

பேண்ட் வாரியாக 0-ஐத் தவிர்த்தால் அந்தக் கரையில் ஒரு பேண்ட் மேல் படத்திலிருந்தும் மற்றது கீழ்ப் படத்திலிருந்தும் வரும். இரண்டு தேதியைக் கலந்து ஒரு நிறம். அதில் போடும் எந்தக் குறியீட்டுக்கும் பொருள் கிடையாது. எல்லா பேண்டிலும் தகவல் இருந்தால் மட்டும் உள்ளே என்று ஒரே மாஸ்க் செய்யவேண்டும். செய்த பிறகு அந்த மாஸ்க்கைச் சில பிக்சல் உள்பக்கம் சுருக்கவேண்டும். ஓவர்லாப் தாராளமாக இருக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒருவரிக்கட்டளை

ஜிடால்வார்ப்பில் இதற்கும் ஒரு விருப்பம் உண்டு. யூனிஃபைட்-எஸ்ஆர்சி-நோடேட்டா. எஸ்ஆர்சி-நோடேட்டாவைக் கட்டளையில் நேராகக் கொடுத்தால் அது தானாகவே யெஸ் (ஆம்) என்று ஆகிவிடும், அதாவது எல்லா பேண்டும் 0 ஆக இருந்தால்தான் வெற்றிடம். பார்ஷியல் என்று மாற்றினால் ஒரு பேண்ட் 0 ஆனாலும் வெற்றிடம். லிஸ்-4 கரைக்குப் பார்ஷியல்.

பழைய_ராஸ்டர்

கரைக்குச் சரி. அதே பார்ஷியல், 8 பிட் படத்தில் அகச்சிவப்பில் மட்டும் 0 ஆன ஏரியையும் வெற்றிடம் ஆக்கிவிடும். நான் சொன்ன ஓட்டைக்கே திரும்ப வந்துவிட்டோம். மாஸ்க்தான் வழி. ஓரத்தோடு தொடர்ந்து இணைந்திருக்கும் 0 மட்டும் வெளி, நடுவில் தனியாகக் கிடக்கும் 0 உள் என்று பிரித்துவிடுங்கள்.

நெய்தல்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஓரத்தோடு இணைந்த 0 என்கிற முறை கடற்கரைப் படங்களில் காலை வாரும். 8 பிட் படத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கக் கடல் அகச்சிவப்பில் கிட்டத்தட்டக் கறுப்பு. கடல் படத்தின் ஓரம்வரை போகிறது. ஓரத்திலிருந்து உள்ளே நடக்கிற எந்தக் கருவியும், நியர்பிளாக் உட்பட, கடலுக்குள் இறங்கிக் கரை வரைக்கும் தின்றுவிட்டுத்தான் நிற்கும். கடல் எங்கள் ஆய்வுக்கு வேண்டாம் என்பவர்களுக்குக் கவலையில்லை. உப்பங்கழியும் முகத்துவாரமும் பார்க்கிறவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. அங்கே பழைய_ராஸ்டர் ஐயா முதலில் சொன்ன கையால் வரைந்த பாலிகன்தான். நேர்க்கோடுகள் நான்கு, வரைவதற்கு என்ன கஷ்டம்?

ஓரம் தண்ணீராக மாறும் கதை ராடாரிலும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சென்டினல்-1 (ஐரோப்பிய ராடார் செயற்கைக்கோள்) படங்களில் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளநீர் ராடார் அலையைத் திருப்பி அனுப்பாது, அதனால் ஓர் அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர் என்று வெட்டுவோம். அந்தக் காலத்து ஜிஆர்டி வகைச் சென்டினல்-1 படங்களின் ஓரத்தில் சுத்தமான 0-க்கு முன்னால் சின்னச் சின்ன எண்களாக ஒரு பட்டை இருக்கும். 0 தவிர்த்தாலும் பட்டை நிற்கும். நின்றால் அது முழுக்க வெள்ளம். ஸ்னாப் மென்பொருளில் ஜிஆர்டி ஓர இரைச்சலை நீக்க என்றே தனிக் கருவி இருக்கிறது. 2018 மார்ச்சுக்குப் பிறகு பதப்படுத்திய படங்களில் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பழைய வெள்ளங்களை வரைகிறவர்கள் அந்தப் படியைத் தாண்டக்கூடாது.

பச்சைக்குறியீடு

எனக்கு இதற்கு நேர் எதிர், ஓரம் பளீரென்று வெள்ளையாக வருகிறது. சென்டினல்-2 (ஐரோப்பிய ஒளிப்படச் செயற்கைக்கோள்), லெவல் 2ஏ. 2021 டைல்களில் (படத்துண்டுகளில்) இல்லை, 2023 டைல்களில் மட்டும்.

உச்சிப்பருந்து

2022 ஜனவரி 25 முதல் பதப்படுத்தும் பதிப்பு 04.00. அதிலிருந்து எல்லா எண்ணிலும் 1000 கூட்டித் தருகிறார்கள், நாம் 1000 கழித்துக்கொள்ளவேண்டும். வெற்றிடம் மட்டும் பழையபடி 0. நீங்கள் வெற்றிடத்திலும் சேர்த்துக் கழித்திருப்பீர்கள். குறியில்லாத 16 பிட்டில் 0-இலிருந்து 1000 போனால் எதிர்மறை ஆகமுடியாமல் சுற்றிப்போய் 64536 ஆகும். அதுதான் வெள்ளை. முதலில் மாஸ்க், பிறகு கழித்தல்.

லேண்ட்சாட்டிலும் இதே வரிசை. பெருக்கிக் கழித்த பிறகு வெற்றிடம் 0 இல்லை, மைனஸ் 0.2. அப்போது போய் 0-ஐத் தவிர் என்றால் எதைத் தவிர்க்கும்? என்டிவிஐ (பயிர்ப்பசுமைக் குறியீடு) மொசைக்கில் 0-ஐ நோடேட்டாவாக வைப்பது இன்னும் மோசம், அங்கே 0 சாதாரணமாக வரக்கூடிய மதிப்பு. ஃப்ளோட்டில் மைனஸ் 9999 வைத்துக்கொள்ளுங்கள். அதே மைனஸ் 9999-ஐக் குறியில்லாத 16 பிட் கோப்பில் எழுதப் பார்க்காதீர்கள், அதற்கு அங்கே இடமே இல்லை.

பச்சைக்குறியீடு

64536-தான்! நன்றி.

ஆர்க்_மேசை

எங்கள் அலுவலகத்தில் ஆர்க்ஜிஐஎஸ் மட்டும்தான். மொசைக் டு நியூ ராஸ்டர் கருவியில் மொசைக் ஆபரேட்டரை மேக்ஸிமம் என்று வைத்தேன். கறுப்பு எல்லாம் தானாகப் போய்விட்டது. இவ்வளவு பேசத் தேவையே இல்லையே?

பழைய_ராஸ்டர்

மேக்ஸிமம் போட்டால் கறுப்பு தோற்கும், மேகம் ஜெயிக்கும். ஓவர்லாப்பில் ஒரு தேதியில் ஒரு துண்டு மேகம் இருந்தால்கூட அதுதான் உங்கள் படத்தில் உட்காரும். தண்ணீர் வேலைக்கு இன்னும் கெடுதல். தண்ணீர் இருட்டு, காய்ந்த தரை வெளிச்சம். இரண்டு தேதிகளில் எப்போது கண்மாய் வற்றிக் கிடந்ததோ அந்தத் தேதிதான் வெல்லும். அதுவும் பேண்ட் பேண்டாகத் தனித்தனியாக வெல்லும். என்டிவிஐ-யில் உச்ச மதிப்பு எடுத்துத் தொகுப்பது நெடுநாள் வழக்கம், அது குறியீட்டில் செய்வது. மூல பேண்டில் செய்வதில்லை.

அந்தக் கருவியில் பிக்சல் டைப் என்ன கொடுத்தீர்கள்? எதுவும் தொடவில்லை என்றால் இயல்பாக 8 பிட். 16 பிட் படம் உள்ளே போய் 8 பிட்டாக வெளியே வந்திருக்கும். பாருங்கள்.

ஆர்க்_மேசை

8 பிட்டாகத்தான் இருக்கிறது. எல்லாம் 255.

பழைய_ராஸ்டர்

காப்பி ராஸ்டரில் பின்னணி எண்ணையும் நோடேட்டாவையும் முதலில் சரிசெய்துகொள்ளுங்கள், அல்லது செட்நல். அதன்பிறகு மொசைக், பிக்சல் டைப் 16 பிட் குறியில்லாதது, ஆபரேட்டர் ஃபர்ஸ்ட் அல்லது லாஸ்ட். படங்கள் நிறைய என்றால் மொசைக் டேட்டாசெட் கட்டி, பில்ட் ஃபுட்பிரிண்ட்ஸ் போடுங்கள். ஓரத்தை அதுவே தேடிப் பாலிகன் செய்யும், உள்பக்கம் எவ்வளவு சுருக்கலாம் என்றும் கேட்கும். அசல் கோப்பில் கை வைக்காது என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

கண்மாய்க்கரை

எல்லோருக்கும் நன்றி. அசல் பேண்டுகளிலிருந்து திரும்பத் தொடங்கினேன். கியூஏ-பிக்சலிலிருந்து மாஸ்க், இரண்டு பிக்சல் உள்பக்கம் சுருக்கல், அதன்பிறகு 142-இன் கட்டத்துக்கு வார்ப். 7000-க்குக் கீழே ஓவர்லாப் பக்கம் ஒன்றுமே இல்லை. வாய்க்காலும் போய்விட்டது.

இப்போது இரண்டு சங்கதி. ஒன்று, பெரிதாக்கிப் பார்த்தால் சுத்தம், சிறிதாக்கிப் பார்த்தால் அதே இடத்தில் கோடு மங்கலாகத் தெரிகிறது. இரண்டு, ஒட்டின இடத்தில் நிற வேறுபாடு. ஃபெதர் கொடுத்து நூறு பிக்சல் அகலத்துக்குக் குழைத்துவிடலாமா?

ஒருவரிக்கட்டளை

முதலாவது, பிரமிடு (சிறிதாக்கிப் பார்ப்பதற்கான சுருக்கப் படங்கள்). முதல் முறை செய்தபோது உருவான ஓவிஆர் கோப்பு அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும். சிறிதாக்கும்போது மென்பொருள் அதைத்தான் காட்டுகிறது. அழித்துவிட்டு பிரமிடு கட்டும் ஜிடால்-ஏடிடிஓ-வைத் திரும்ப ஓட்டுங்கள். நோடேட்டா குறி கோப்பில் ஏறிய பிறகு ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் சராசரி எடுக்கும்போது 0-உம் சேர்ந்துவிடும்.

உச்சிப்பருந்து

ஃபெதர் வேண்டாம். பாத் 142-ஐ எடுத்து 7 நாள் கழித்துத்தான் லேண்ட்சாட் 8 பாத் 143-க்கு வருகிறது. வேறு சுற்றிலிருந்து எடுத்தால் இடைவெளி இன்னும் கூடும். மழைக்காலத்தில் 7 நாளில் ஒரு கண்மாய் நிரம்பலாம், மறுகால் போகலாம், மடை திறந்து இறங்கவும் செய்யலாம். இரண்டையும் குழைத்தால் எந்த நாளிலும் இல்லாத ஒரு நீர்ப்பரப்பு கிடைக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு ஃபெதர் செய்யுங்கள், ஹிஸ்டோகிராம் பொருத்துங்கள், அப்போதும் வெற்றிடத்தை விலக்கிவிட்டுப் பொருத்துங்கள். அளக்கும் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் எந்தத் தேதியது என்று சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். தேதியை மட்டும் வைத்து இன்னொரு பேண்ட் எழுதிவிடுங்கள், பிறகு யாராவது கேட்டால் உதவும்.

ஒட்டும் கோடு எங்கே விழவேண்டும் என்பது உங்கள் கையில்தான். இந்த அகலாங்கில் பக்கத்துப் பாதைகளின் ஓவர்லாப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. கோடு ஒரு கண்மாயைக்கூட இரண்டாக வெட்டாதபடி கரைகளையும் சாலைகளையும் பிடித்துக்கொண்டு கட்லைன் வரையலாம்.

பழைய_ராஸ்டர்

இது என் கட்சி. ஆனால் கண்மாய் எல்லைகள் உங்களிடம் பாலிகனாக இருக்குமே? கட்லைன்கூட வேண்டாம். ஒவ்வொரு கண்மாயும் எந்தப் படத்துக்குள் முழுசாக விழுகிறதோ அந்தப் படத்திலிருந்தே கணக்கெடுங்கள். இரண்டிலும் விழுந்தால் மேகம் குறைந்தது. எனக்குத் தெரிந்து பாதி வேலைகளுக்கு மொசைக்கே தேவையில்லை. வரைபடம் அச்சடிக்கும்போது ஒட்டிக்கொள்ளலாம்.

உச்சிப்பருந்து

இதற்கு நான் மறுப்பு சொல்லமாட்டேன். ஆனால் இவருக்கு ஒப்படைக்கவேண்டியது மொசைக் என்றால் இரண்டையும் செய்யத்தான் வேண்டும்.

கண்மாய்க்கரை

மொசைக்கும் கேட்டிருக்கிறார்கள். கண்மாய் வாரியாகப் படத்தைத் தேர்ந்தெடுப்பதை இன்றே ஆரம்பிக்கிறேன், பாலிகன்கள் இருக்கின்றன. ஓவிஆர் அழித்ததும் கோடு போய்விட்டது.

அடுத்து இராமநாதபுரத்தின் தென்பகுதிக்குப் பாத் 142 ரோ 54 சேர்க்கவேண்டும். அதற்கும் இவ்வளவு பாடு உண்டா?

உச்சிப்பருந்து

இல்லை. ரோ 53-உம் 54-உம் ஒரே பாதை, ஒரே நாள், சில நொடி வித்தியாசம். இரண்டும் மண்டலம் 44. கட்டமும் ஒத்துப்போகும், ரீசாம்பிளிங் இல்லை. மேலும் கீழும் ஏறியிருக்கும் பட்டையில் இரண்டும் ஒரே காட்சிதான், திருத்தம் தனித்தனியாகச் செய்வதால் எண்ணில் சின்ன வேறுபாடு வரலாம். எது மேலே வந்தாலும் பரவாயில்லை. மாஸ்க் போட்டு ஒரு விஆர்டி (படங்களைச் சுட்டும் மெய்நிகர் கோப்பு) கட்டினால் போதும்.

ஆனால் 54-இல் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. கடலில் சூரியன் பளபளக்கும் இடங்களில் எம்என்டிடபிள்யூஐ தடுமாறும். கரைக்கோட்டோடு வெட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

நெய்தல்

வெட்டும்போது தொண்டி முதல் தேவிபட்டினம் வரை உள்ள உப்பங்கழிகளையும் உப்பளங்களையும் என்ன செய்வது என்று முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள். உப்பளப் பாத்தி கண்மாய் இல்லை, ஆனால் குறியீட்டுக்கு அது தண்ணீர்தான்.